உமரித் தொட்டிகள்

பன்னிரண்டாவது தொட்டிச் செடியில் ஓர் இலைகூட இல்லை.

அவள் குந்தி உட்கார்ந்து, தண்டைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினாள். பழுப்பு.

இன்னும் கொஞ்சம் சுரண்டினாள். உள்ளேயும் பழுப்பு.

“போயிருச்சாக்கா?” என்று கேட்டாள் பிரமிளா. கடலோர ஆராய்ச்சி நிலையத்து மாணவி. கையில் நோட்டு.

“போயிருச்சு.”

எழுதப் போன பிரமிளா பேனாவை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுதினாள்.

மொத்தம் இருபது தொட்டிகள். எல்லாவற்றிலும் உப்பு மண்ணில் வளரும் உமரிச் செடி. சிலவற்றுக்கு நல்ல தண்ணீர், சிலவற்றுக்குப் பாதிக்குப் பாதி, சிலவற்றுக்கு முழுக் கடல்நீர். பத்துத் தொட்டிகளில் தண்ணீர் வடிந்துவிடும். மற்றவற்றில் வேர் மூழ்கத் தேங்கி நிற்கும். எது எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்க்கிறார்கள். நாலு மாதமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றுவதும் கிளை எண்ணிச் சொல்வதும் அவள் வேலை.

நல்ல தண்ணீர்ச் செடிகள் வெளிறி நீண்டிருந்தன. பாதி உப்பில் நின்றவை கொழுத்திருந்தன. முழு உப்பில் மூழ்கியவை சிவந்து, அடியிலைகளை உதிர்த்துவிட்டு, நுனியில் மட்டும் கொஞ்சம் பச்சை வைத்திருந்தன.

புயலுக்கு முதல் நாள் கடலுக்குப் போன படகில் நாலு பேர். மூன்று உடல்கள் கரை ஒதுங்கின. ஒவ்வொரு தடவையும் அடையாளம் பார்க்க அவளையும் கூட்டிப்போனார்கள். மூன்று தடவையும் “இல்லை” என்றாள்.

அவள் புருஷன் ஒதுங்கவில்லை. இன்றோடு இருபத்திரண்டு நாள்.

அவள் அழவில்லை. சோறு வடித்தாள். தின்றாள். பத்தாம் நாள் வேலைக்கு வந்துவிட்டாள். ஏன் வந்தீர்கள் என்று பிரமிளா கேட்டதற்கு, “தண்ணி மாத்தணும்ல” என்றாள்.

கொழுந்தன் செல்வமணி நிலையத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

“அண்ணி, ஊர்ல நாள் குறிக்கணும்ங்கிறாங்க. வெள்ளிக்கிழமை கருமாதி வச்சிக்கலாமான்னு...” தரையைப் பார்த்தான். “நீங்க சரின்னு சொன்னாத்தான்.”

அவள் அடுத்த தொட்டிக்கு நகர்ந்தாள்.

“இன்னும் எட்டுத் தொட்டி இருக்கு, தம்பி.”

அவன் அவசரப்படுத்தவில்லை. கடல்நீர்க் குடத்தை அவள் தூக்கப் போனபோது அவனே வாங்கி ஊற்றினான்.

அவள் ஒவ்வொரு கிளையாகத் தொட்டு எண்ணினாள். பிரமிளா எழுதினாள்.

பதினேழு.

இருபத்தொன்று.

ஒன்பது.

இருபதாவது தொட்டியும் முடிந்தது. பிரமிளா நோட்டை மூடினாள். செல்வமணி ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தான்.

அவள் எழுந்து நடந்தாள். முதல் தொட்டியின் முன் குந்தி, ஒரு கிளையைத் தொட்டாள்.

“ஒண்ணு” என்றாள்.

பிரமிளா நோட்டைத் திறந்தாள்.