கால் கியரா, கை கியரா

பாதம் அந்தக் கியர் பெடலுக்கு அடியில் நுழைய மாட்டேன் என்றது.

அவர் குனிந்தார். வலது கையால் பேண்ட்டோடு சேர்த்து இடது காலைத் தூக்கி, அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார்.

கையை எடுத்ததும் கால் வழுக்கித் தொங்கியது.

திண்டுக்கல் ஷோரூமின் பின்பக்கம். ஓட்டிப் பார்ப்பதற்கென்றே செம்மண்ணைக் கொட்டி மேடும் பள்ளமுமாக விட்டிருந்தார்கள். அதில் இரண்டு வண்டிகள் நின்றன. பைக்குக்கு இருப்பதைப் போலக் கைப்பிடி, தடித்தடியாக நான்கு சக்கரங்கள். எந்தச் சரிவிலும் ஏறுமாம். ஒன்றில் கியரைக் காலால் மாற்ற வேண்டும். மற்றதில் இடது கட்டை விரலுக்குப் பக்கத்திலேயே இரண்டு பட்டன்கள்.

"உங்களுக்குப் பட்டன் கியர்தாண்ணே," என்றான் விற்பனைக்காரன். "காலுக்கு வேலையே இல்ல. டிவி ரிமோட்டை அமுக்குற மாதிரி. எங்க மாமியாரே ஓட்டிருவாங்கன்னா பாத்துக்கோங்க."

அவர் சிரித்துவிட்டார்.

நிழலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியும் சிரித்தாள். அவர் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று.

மலையில் அவர்கள் தோட்டத்துக்கு ஜீப் போகாது. காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை இறங்கி, ஓடையைத் தாண்டி, மிளகுக் கொடிகளுக்குப் போகும். நடக்க முடியாதவரை அந்த ஊரில் கம்பளியில் கிடத்தி, கம்பில் கட்டித் தூக்கிப் போவார்கள். டோலி என்பார்கள்.

"டோலியில போறது பிள்ளைத்தாச்சியும் சாகக் கிடக்கிறவனுந்தான். நான் ரெண்டுமில்ல," என்று அவர் சொல்லியிருந்தார்.

கால் இழுக்கத் தொடங்கியதிலிருந்து மிளகுக் கொடியைப் பார்க்கவில்லை.

டாக்டர் நல்ல மனிதர். சுற்றி வளைக்கவில்லை. "இதுக்கு மருந்து இல்லம்மா. காலோட நிக்கிற வரைக்கும் நாள் ஓடும். கைக்கு ஏறிருச்சுன்னா..."

பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டினார்.

"அப்புறம் சீக்கிரம்."

அன்றிலிருந்து அவள் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். காப்பி வாங்குவது, பேப்பர் புரட்டுவது, எல்லாம் வலது கையால். வலது கைக்காரர்தானே. அதில் என்னத்தைக் கண்டுபிடிப்பது, சொல்லுங்கள்.

பட்டன் வண்டியில் ஏற்றி உட்கார வைத்தார்கள்.

"மேல் அம்பை அமுக்குங்கண்ணே."

சின்னத் திரையில் ஒன்று என்று எரிந்தது. அது இரண்டாக வேண்டும்.

ஆகவில்லை.

"அமுக்குங்க."

"அமுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"வயர் லூசா இருக்கும்." விற்பனைக்காரன் எட்டி, ஒரு விரலால் தட்டினான்.

டிக். இரண்டு.

"வேலை செய்யுதேண்ணே!"

அவள் எழுந்து அருகில் வந்திருந்தாள்.

எதையாவது அழுத்தினால் நகத்துக்குக் கீழே ரத்தம் விலகி வெளுக்கும், பார்த்திருப்பீர்கள். அவர் நகம் வெளுக்கவில்லை. இளஞ்சிவப்பாக, தூங்குகிற குழந்தையின் விரலைப் போல, அந்தப் பட்டன் மேல் கட்டை விரல் சும்மா கிடந்தது.

"கால் கியரே குடுங்க தம்பி," என்றார் அவர், அவசரமாக. "இந்தப் பட்டன் கிட்டனெல்லாம் எங்க மலை மழைக்குத் தாங்காது."

"என்னண்ணே, இப்பத்தான கால் வழுக்குச்சு?"

"பழகிரும்."

அவள் அவர் டி-ஷர்ட்டைப் பார்த்தாள்.

வெள்ளைச் சட்டை போடாமல் திண்டுக்கல்லுக்கு இறங்காத மனிதர். மார்கழிக் குளிரில், "சட்டை புழுங்குது" என்று சொல்லி, மகன் எப்போதோ வாங்கித் தந்த வட்டக் கழுத்து டி-ஷர்ட்டைத் தலைவழியே மாட்ட ஆரம்பித்தார். இன்றைக்கும் அதுதான். பஸ்ஸில் அவள் கேலிகூடச் செய்தாள். "என்ன, காலேஜுக்குக் கிளம்பிட்டீங்களா?"

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்கழி போய், தை போய், இது மாசி.

இத்தனை நாளும் ஒரு சட்டைப் பொத்தானோடு தனியாகப் போராடித் தோற்று, அதைப் புழுக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அமிர்தம், ஏன் வெயில்ல நிக்கிற? நிழலுக்குப் போ." அவர் அவளைப் பார்க்கவில்லை. செம்மண் மேட்டைப் பார்த்தார்.

அவள் போகவில்லை.

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"தம்பி, பட்டன் வண்டியே போடுங்க." குரல் சரியாகத்தான் வந்தது. "சேலை கட்டிக்கிட்டு இதுல முன்னாடி உக்கார முடியுமா?"

"தாராளமாக்கா. ஏன், ஓட்டப்போறது நீங்களா?"



அவர் வலது கையால் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு, இருக்கையில் மெல்லப் பின்னால் நகர்ந்தார்.