ஏழுக்கு முன் ஒரு மூச்சு

'ஆறு வந்துவிட்டது. இனி ஏழு. மெதுவாக வா, அவசரமில்லை' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள் கமலேஸ்வரி.

ஹெட்போனுக்குள் ஒரே இரைச்சல். அதன் நடுவே ஒரு சின்ன மூச்சு கேட்டது. பிறகு, "ஏழு… எட்டு… ஒன்பது…" என்று வவுனியாவிலிருந்து வந்த பெண்குரல் இருபது வரை எண்ணி முடித்தது. அதன் பின்தான் மருந்துப் பட்டியல் தொடங்கியது. கமலேஸ்வரி கொப்பியில் எழுதினாள்.

புதுக்குடியிருப்பில் இந்த நிவாரண அலுவலகத்தின் பின்னறையில் ஐந்து வருடமாக அவள் செய்யும் வேலை இதுதான். போரால் வவுனியாப் பாதை மூடியிருக்கிறது; நிவாரண வண்டிகள் மட்டும்தான் வரும். தொலைபேசி இல்லை. கடிதம் வந்து சேர மாதங்களாகும். ஆஸ்பத்திரிக்கு எந்த லொறியில் என்ன மருந்து, எத்தனை பெட்டி என்பதெல்லாம் இந்த வானொலிச் செற்றில்தான் வரும்.

"முடிஞ்சுதோ அக்கா?" கொழும்புத் தலைமையகத்திலிருந்து நேற்று வந்திறங்கிய விஜிதரன் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கினான். பொறியியல் படித்தவன். "ஒவ்வொரு நாளும் இப்பிடி இருபது வரைக்கும் எண்ணத்தான் வேணுமோ? பாலர் வகுப்பு மாதிரி."

"தெரிஞ்ச சொல் எப்பிடி உடைஞ்சு வருதெண்டு பாத்தால்தானே தம்பி, தெரியாத சொல்லை ஒட்டலாம். இண்டைக்கு மூண்டில முன்பாதி வரேல்ல. அப்ப பட்டியலிலயும் அந்தச் சத்தம் வராதெண்டு தெரியும். நான் போட்டு நிரப்புவன்."

"அதைத்தான் இனி இது செய்யும்." அவன் கணினியைத் தட்டிக் காட்டினான். "நரம்பு வலை எண்டு சொல்லுறது. மூளை பழகிற மாதிரித்தான். நாங்கள் விதி ஒண்டும் எழுதிக் குடுக்கிறேல்ல. உடைஞ்ச சத்தத்தையும் சரியான சத்தத்தையும் ஆயிரம் தரம் காட்டினா, அலை வாற வழி எப்பிடிக் குழப்புதெண்டு தானே பிடிச்சுக்கொள்ளும். வழி மாறினா தானும் மாறும்."

"எனக்கும் ஒருத்தரும் விதி சொல்லித் தரேல்ல."

"ஓம். உங்களுக்கு அஞ்சு வருசம் பிடிச்சது. இதுக்கு நீங்கள் செற்றில பதிஞ்சு அனுப்பின கசெற்றுகளோட மூண்டு மாசம்." சிரித்தான். "பயப்பிடாதேங்கோ, உங்கட வேலை போகாது. செற்றுக்கு ஆள் வேணும்தானே."

அவளுக்கு அந்தப் பயம் இருக்கவில்லை. களைப்புத்தான் இருந்தது.

இன்றைய பட்டியலைக் கணினியில் ஓடவிட்டான். எண்ணிக்கை ஒன்றும் கேளாமலே அது எல்லாவற்றையும் துப்புரவாகச் சொல்லியது. கொப்பியோடு ஒத்துப் பார்த்தாள். ஒரு பிழையும் இல்லை.

"கெட்டிக்காரப் பெட்டிதான்" என்றாள் மனமார.

"எண்ணினதையும் கேளுங்கோவன்."

அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு. மணிபோல வந்தது. அவள் நிமிர்ந்தாள்.

"ஏழுக்கு முன்னால வாற மூச்சு எங்க?"

"அதை இரைச்சலெண்டு எடுத்துப்போட்டுது. நல்லதுதானே? அங்கயிருந்து எண்ணுற ரஜிதாவுக்கு ஏழில ஒரு தட்டுத்தடங்கல். வரேக்க வவுனியாவில கண்டனான். அவவும் எண்ணுறதை நிப்பாட்ட வேண்டாமெண்டுதான் நிண்டவ. ரண்டு பேரும் சொல்லி வைச்ச மாதிரி!"

கமலேஸ்வரியின் பேனை நின்றது. "அங்க… எப்பிடி?"

"செற்றோ? புதுசு. நல்லா வேலை செய்யுது."

"ம்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. செற்றுக்கு மேலே சுவரில் அறிவித்தல் ஒட்டியிருந்தது: சொந்தக் கதை ஒரு சொல்லும் கூடாது. போன வருடம் மல்லாவியில் செற்றிலிருந்த அப்புத்துரை, மறுமுனையில் தன் தம்பிக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டார். அடுத்த கிழமை அவருடைய கதிரையில் வேறொருவர் இருந்தார்.

விஜிதரன் ஒரு கடதாசியை நீட்டினான். "இதில நீங்கள் ஒப்பம் வைச்சால் திங்கக்கிழமையில இருந்து எண்ணத் தேவையில்லை. மிச்சமாகிற பற்றரியில இன்னொரு ஆஸ்பத்திரியின்ர பட்டியலும் எடுக்கலாம்."

அவன் சொல்வது சரிதான். அதுதான் அவளை இன்னும் களைக்கச் செய்தது. கடதாசியை இரண்டு தரம் வாசித்தாள்.

"பெட்டியை வையுங்கோ தம்பி. பட்டியலை அது கேக்கட்டும். மற்ற ஆஸ்பத்திரியின்ரயும் எடுப்பம். ஆனா எண்ணுறதை நிப்பாட்ட நான் ஒப்பம் வைக்கமாட்டன்."

"ஏனக்கா? பற்றரிக்கு எங்க போறது?"

"அந்தியில நான் சைக்கிள் டைனமோ சுத்துறன்."

"அது பாட்டுக் கேக்கிற றேடியோவுக்குத்தான் காணும், செற்றுக்குப் போதாது!"

"இருபது கேக்கவும் காணும்."

பேனையை மூடி, கடதாசியின் மேல் வைத்து, இரண்டையும் அவன் பக்கம் மெல்லத் தள்ளினாள்.

பாதை மூடப்படுவதற்கு வெகுகாலம் முன்பு, தண்ணீரூற்று வீட்டுக் குசினியில் புளியங்கொட்டைகளைப் பரப்பி ரஜிதாவுக்கு எண்ணப் பழக்கியது அவள்தான். அப்போதும் அந்தப் பிள்ளை ஏழுக்கு முன் ஒரு மூச்சு எடுத்து, 'சரியோ அம்மா?' என்பதுபோல அவள் முகத்தைப் பார்க்கும்.