"சுகமா இருக்கினம்"

சொல்லிப்போட்டன். "எல்லாரும் சுகமா இருக்கினம்" எண்டு அப்பா சொன்னதை அப்பிடியே டேனிஷில சொல்லிப்போட்டன். எங்கட வழக்கைப் பாக்கிற லோயர் கிர்ஸ்டன் அதை எழுதுறா. எங்கட குசினியில அவவின்ர பேனைச் சத்தம் மட்டும்தான் கேக்குது. மன்னாரில இருக்கிற அம்மாவையும் தம்பியையும் இஞ்ச டென்மார்க்குக்கு வர விடாமல் விசாக் கந்தோர்க்காரர் இழுத்தடிக்கினம். அதுக்காண்டித்தான் இவ வைலே நகரத்தில இருந்து இந்தப் பனிக்குள்ள தனியக் கார் ஓடி வந்திருக்கிறா. வீட்டுக்கு வந்த ஆளுக்கு முதல் பேச்சிலேயே துன்பம் சொல்லக்கூடாது எண்டது அப்பாவின்ர பழக்கம். தேத்தண்ணியை அவவுக்குக் கிட்டத் தள்ளிப்போட்டு, "குடிக்கச் சொல்லு பிள்ளை, ஆறப்போகுது" எண்டு சிரிக்கிறார். மற்றக் கை ஜன்னலடியில கிடக்கிற, அம்மா பேசி அனுப்பின கசெற்றைப் பொத்திக்கொண்டிருக்குது. செல் குண்டு விழுந்து வீட்டுக் கூரை போயிட்டுது, சேர்ச்சுக்குள்ளதான் படுக்கிறம் எண்டு அதிலதான் அம்மா அழுறா. பின்னால தம்பி இருமுறதும் கேக்கும்.

கிர்ஸ்டன் பேனையை வைச்சிட்டு என்னைப் பார்க்கிறா. "அப்ப அவைக்கு அங்க ஆபத்து ஒண்டும் இல்லையா?" அவவின்ர கண்ணாடியில வெளிப்பனியின்ர வெள்ளை தெரியுது, கண் தெரியேல்லை. அப்பாவுக்குத் தமிழில சொல்லுறன். அவர் குனிஞ்சு, "ஆண்டவர் பாப்பார். குடிக்கட்டும் முதல்" எண்டுறார். ஆபத்து இல்லை எண்டு இவ எழுதினா அம்மாவையும் தம்பியையும் வர விடமாட்டினம். கசெற்றில இருக்கிறதை நானாச் சொன்னா, அப்பா பொய் சொன்னவர் எண்டு நினைச்சு இவ எங்களை விட்டிட்டுப் போயிடுவாவோ?