பூ வீட்டுக்கு அடுத்த வீடு

சலூன்காரர் கடப்பாரையைக் கையில் எடுத்துவிட்டார்.

எடுக்கவைத்தது அவர் மனைவிதான். மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டே, வெளியூரிலிருந்து வந்துகொண்டிருந்த தன் அண்ணனுக்குப் போனில் வழி சொன்னாள்.

"நேரா வாண்ணா. ஒரு வீட்டு வாசல்ல மட்டும் பூவா கொட்டிக் கிடக்கும். அந்தப் பூ வீட்டுக்கு அடுத்த வீடு."

பூ வீடு என்றால் பக்கத்து வீடு. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டரின் வீடு. அவர் வாசல் வளைவு முழுக்கக் காகிதப்பூ, இலையே தெரியாத அளவுக்கு, கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறத்தில்.

சலூன்காரர் வீட்டிலும் அதே காகிதப்பூச் செடிதான். மதிலை ஒட்டி ஆளுயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நின்றது. பூ மட்டும் இல்லை. பெயருக்குக்கூட ஒன்று இல்லை.

கவனிப்பில் குறை வைத்தாரா என்றால், அதுதான் கிடையாது. கடை விடுமுறை என்றால் காலையிலேயே கத்திரியோடு செடிமுன் நின்றுவிடுவார். சிலுப்பிக்கொண்டு நிற்கும் கொழுந்தைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. பக்கவாட்டில் ஒட்ட வெட்டி, உச்சியை உருண்டையாக்கி, தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார். கடையில் செய்வதுபோலக் கண்ணாடியைப் பிடித்துப் பின்பக்கம் காட்டுவது ஒன்றுதான் பாக்கி.

போஸ்ட்மாஸ்டரோ முழு வழுக்கை. கடைப் பக்கம் ஒதுங்கவேண்டிய அவசியமே இல்லாத மனிதர். தெருவில் யார் பூவைப் புகழ்ந்தாலும் அடக்கமாகச் சிரிப்பார்.

"நான் ஒண்ணுமே செய்யறதில்லீங்க. அதுவா பூக்குது."

அந்த அடக்கத்தைக் கேட்டாலே சலூன்காரருக்கு வயிறு எரியும்.

பிள்ளை மாதிரி வளர்த்த செடி. தோண்டி எறிய அவருக்கு மனம் வரவில்லை, கண்கூடக் கலங்கியது. ஆனால் மச்சான் வந்து இறங்கி, அந்த வாசலைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு, இந்தச் செடியைப் பார்த்து உச்சுக் கொட்டுவதை அவரால் தாங்க முடியாது. மச்சான் வருவதற்குள் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும்.

கடப்பாரையை வேரை ஒட்டி இறக்கி நெம்பினார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஏதோ சலசலத்தது.

மறுபடியும் நெம்பினார். மறுபடியும் சலசலப்பு. கூடவே ஒரு நாற்காலி தரையில் கிறீச்சிட்டது.

அடுத்த தடவை நெம்புவதற்குள் போஸ்ட்மாஸ்டர் கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். கையில் கசங்கிய செய்தித்தாள். வழுக்கையிலும் தோளிலும் ரோஸ் நிறப் பூக்கள்.

"வேணாங்க! பாவம், உயிருள்ள செடி!"

இத்தனை வருஷத்தில் இந்தச் செடியை ஏறெடுத்துக்கூடப் பார்க்காத மனிதர். சலூன்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மாடியில் மனைவி ஈரத்துணியைக் கையில் பிடித்தபடியே கைப்பிடிச் சுவரில் குனிந்து, இந்த வீட்டையும் அந்த வீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க, இன்னொரு தடவை நெம்புங்க. மெதுவா."

நெம்பினார். பக்கத்து வீட்டு வாசல் வளைவு ஓர் ஆட்டம் ஆடி, பொலபொலவென்று பூவை உதிர்த்தது.

சலூன்காரர் கடப்பாரையைப் போட்டுவிட்டுச் செடிக்குப் பின்னால் தலையை நுழைத்தார். மதிலின் அடியில் செங்கல் பெயர்ந்த ஓர் ஓட்டை. அதன் வழியே மணிக்கட்டுப் பருமனில் ஒரு கிளை சாவகாசமாக அந்தப் பக்கம் போயிருந்தது.

அவர் கத்திரி எட்டாத ஒரே கிளை. இந்தப் பக்கம் அவர் வெட்டித் தள்ளிய கொழுந்தெல்லாம் அந்தப் பக்கம் நீண்டு, நுனிக்கு நுனி பூத்திருந்தது.

போஸ்ட்மாஸ்டர் தலையிலிருந்த பூக்களை ஒவ்வொன்றாக எடுத்தபடி நின்றார். அவர் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை என்பது சலூன்காரருக்கு அப்போதுதான் உறைத்தது.

மாடியில் போன் அடித்தது. மச்சான் தெருமுனைக்கு வந்துவிட்டார்.

சலூன்காரர் சட்டைப் பையிலிருந்த கத்திரியை எடுத்துக் கடப்பாரைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு மாடியைப் பார்த்துக் கத்தினார்.

"அடுத்த வீடுன்னு சொல்லாதே. பூ வீட்டுக்கே வரச் சொல்லு!"

போஸ்ட்மாஸ்டர் இன்னும் இரண்டு நாற்காலிகள் எடுத்துப்போட முன்னால் ஓடினார்.