ஜெலாப்பாங் சிஃபு

"பேராக் மாநிலத்து நான்கு சக்கரப் பெருமக்களுக்கு ஓர் அறிவிப்பு! இரண்டு ஆண்டுத் தவம் முடிந்தது. வரும் ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும், நமது லேண்ட் ரோவர் ஜெலாப்பாங்கிலிருந்து புறப்பட்டு, தாப்பா வழியாகக் கேமரன் மலை ஏறும். உடன் வர விரும்பும் ஒருவருக்கு இடமுண்டு. காலைப் பசியாறல் இலவசம்!"

குரல் பதிவை வாட்ஸ்அப் குழுவில் ஏற்றிவிட்டு, செபாஸ்டியன் மறுபடியும் தொண்டையைச் செருமிக்கொண்டார். நாட்டுக்குச் சுதந்திரம் அறிவித்தவர்கூட இத்தனை தடவை செருமியிருக்க மாட்டார்.

"அலாமாக், பிரதமர் தோத்தாரு போங்க அண்ணே," என்றான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற தர்மா. போன வருஷம்தான் பக்கத்து வீட்டுக்கு வாடகைக்கு வந்தவன்.

முன்பு குடியிருந்த தோட்டம் மூடி, ரப்பர் மரங்களைச் சாய்த்து வீட்டுமனை போட்டபோது, நிர்வாகம் கழித்துவிட்ட வண்டி அந்த லேண்ட் ரோவர். செபாஸ்டியன் குடும்பத்தோடு அதுவும் ஜெலாப்பாங்குக்குக் குடிவந்தது. மனைவி பெட்ரீசியா இறந்த மாதம் வண்டியும் நின்றது. போர்ச்சில் நின்ற இடத்திலேயே துருப்பிடித்தது. பிறகு ஒருநாள் செபாஸ்டியன் ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.

இன்று அதற்கு மாற்று எஞ்சின். உயர்த்திக் கட்டிய ஸ்பிரிங். சேற்று டயர். வெள்ளத்தில் இறங்கினாலும் மூச்சுவிடக் கூரை உயரத்துக்கு ஒரு குழாய். யானையைக் கட்டி இழுக்க முன்னால் ஒரு வின்ச். செபாஸ்டியன் வீட்டுச் சந்தில் வெள்ளமும் வந்ததில்லை, யானையும் வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

குழுவில் யாரும் அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் எல்லாருக்கும் அவர் சிஃபு, அதாவது குரு. மலைச்சாலையில் எந்த வளைவுக்கு எந்த கியர், மழையில் எங்கே பிரேக்கைத் தொடவே கூடாது என்று தினமும் பாடம் நடக்கும். எவனாவது குறுக்கே பேசினால், "முப்பது வருஷம் அந்த ரோட்டுல போனவன் நான்," என்பார். குழு வாலைச் சுருட்டிக்கொள்ளும்.

"எல்லாம் சரி அண்ணே, பவர் ஸ்டீரிங் எதுக்கு? உங்க கை ஒலக்கை கணக்கா இருக்கே?" என்றான் தர்மா.

"மலை ஏறி எறங்குனா ராத்திரி பூரா தோள்பட்டை வலிடா. தைலம் தேய்ச்சு மாளாது."

"ஒரு ரவுண்டு ஓட்டித்தான் காட்டுங்களேன். எஞ்சின் மாத்துன பட்டறை பொமன் வந்தப்பகூட அவர ஓட்ட விட்டுட்டு நீங்க பக்கத்துல உக்காந்துகிட்டீங்க."

"ஓட்டுறவனுக்கு எஞ்சின் பேசுறது கேக்காதுடா. பக்கத்துல உக்காந்தவனுக்குத்தான் கேக்கும்."

தர்மா வாயைப் பிளந்தான். சிஃபு என்றால் சும்மாவா?

போன் சிணுங்கியது. செபாஸ்டியன் அவசரமாக எடுத்துப் பார்த்தார்.

'சிஃபு, உங்க பக்கத்துல உக்கார எங்களுக்கு ஏது தகுதி லா!'

'புலி தனியாத்தான் போவும்! வீடியோ மட்டும் போடுங்க சிஃபு.'

அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். வருகிறேன் என்று ஒரு கைகூடச் சொல்லவில்லை.

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "தர்மா, நீ வாரியாடா? பசியாற நாசி லெமாக் நான் வாங்குறேன்."

"நான் வந்து என்னா செய்யப்போறேன் அண்ணே? உங்க மாதிரி ஆளுக்கு நான் எடஞ்சல்தான். குமுதாவ வேற அவ அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவணும்."

"ஞாயித்துக்கெழமை எங்க கல்யாண நாள்டா. வருஷா வருஷம் மலைக்குப் போவோம். ரெண்டு வருஷமா போவல. யாராச்சும் ஒருத்தர் கூட வந்தா..."

தர்மாவின் குரல் இறங்கியது. "அப்படின்னா கண்டிப்பா நீங்க தனியாத்தான் போவணும் அண்ணே. நீங்களும் அக்கா நெனப்புமா. நடுவுல நான் எதுக்கு?"

செபாஸ்டியன் வாயைத் திறந்தார். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், தர்மா வந்துவிடுவான். அதற்குள் போன் மறுபடி சிணுங்கியது. 'சிஃபு வாழ்க!'

வாயை மூடிக்கொண்டார்.

ஞாயிறு காலை, பூசை முடிந்து கோயில் வேனில் வந்து இறங்கினார். தேய்த்த வெள்ளைச் சட்டை. கையில் இரண்டு பொட்டலம் நாசி லெமாக். கேட்டை அகலத் திறந்துவைத்தார். வண்டியில் ஏறிப் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கையை நீட்டிச் சாவியைத் திருகினார்.

எஞ்சின் உறுமியது. சந்து நாய்கள் எழுந்து மரியாதையாக ஒதுங்கின. அந்த உறுமலைப் பதிவுசெய்து குழுவில் போட்டார். 'சிஃபு கெளம்பிட்டாரு!' என்று குழு கொண்டாடியது. மனைவி குமுதாவை ஏற்றிக்கொண்டு கிளம்பிய தர்மா, திரும்பிப் பார்க்காமலே ஒரு ஹார்ன் அடித்துவிட்டுப் போனான்.

வெயில் ஏறியது. ஒரு பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார். மற்றது மடியில் இருந்தது. வண்டி போர்ச்சிலேயே நின்று உறுமிக்கொண்டிருந்தது.

"வளைவு வருது பெட்ரீசியா, ரெண்டாவது கியருக்கு வா," என்றார் செபாஸ்டியன், இடப்பக்க இருக்கையிலிருந்து.

வலப்பக்கம், குள்ளமான ஒருத்திக்காக ஸ்டீரிங்கை ஒட்டி இழுத்துவிட்ட பழைய இருக்கையில், பூப்போட்ட முதுகுத் தலையணை மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது.

செபாஸ்டியனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.