திருப்பத் தெரியாதவர்

"மஞ்சள்!" என்று உரக்கக் கூவிவிட்டு, சிக்னலில் நிற்காமல் மெதுவாகப் போனார் கார் பழக வந்தவர்.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். "நிக்கணும் சார்!"

"அடுத்த சிக்னல்தானே சிவப்பா இருக்கும்? இதுல எதுக்கு மாஸ்டர்?"

"பச்சை!" என்று கூவி மறுபடி கிளப்பினார். சாலை வளைந்தது. கார் வளையவில்லை.

"ஐயோ, திருப்புங்க!" மாஸ்டரே பாய்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

"இருபது வருஷமா எதையும் திருப்பினதில்லை, மாஸ்டர்."

"நீங்க ஓட்டுற வண்டியில இனி ஏறினா, என் பேரை மாத்தி வெச்சுக்கறேன்!"

மறுநாள் மகளைப் பார்க்கக் கிளம்பிய மாஸ்டர், ரயிலின் முதல் பெட்டியில் ஏறப் போனார். என்ஜின் ஜன்னலிலிருந்து அதே முகம் எட்டிப் பார்த்துச் சிரித்தது.

"தைரியமா ஏறுங்க மாஸ்டர், இதுல ஸ்டியரிங்கே கிடையாது. ஆமா, புதுப் பேர் என்ன?"