இரவல் இதயம்

டெப்போவில் இப்போதெல்லாம் உடல்நிலையை அளக்கும் நாடிப்பட்டையைப் பார்த்துத்தான் பஸ் சாவி கொடுக்கிறார்கள். ஒரு வாரம் கையில் கட்டியிருக்க வேண்டும்; அது பச்சை காட்டினால்தான் ஸ்டியரிங். ஐம்பத்தைந்து வயதும் அதற்கேற்ற தொப்பையும் கொண்ட டிரைவர் எபனேசர் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். தன் பட்டையைப் பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் பெனிட்டாவின் கையில் கட்டிவிட்டார். இளரத்தமாயிற்றே, பஸ் என்ன, ராக்கெட்டையே கொடுப்பார்கள்!

வாரம் முடிந்து பட்டையைச் சோதித்த மேனேஜர், அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும் அண்ணாச்சி. ராத்திரி பூரா முழிச்சே கெடக்கீரே! பிரஷர் ஏறியிருக்கு, சுகர் வாசல்ல வந்து நிக்கி. இது அறுபது வயசு இதயம்வே. இனி ஸ்டியரிங்கத் தொடாதேயும்."

எபனேசர் கொதித்துப்போய் வீட்டுக்கு வந்தார். செல்போனிலிருந்து கண்ணெடுக்காமலே பெனிட்டா கதவைத் திறந்தாள்.

"ஏட்டி, ஒன்னைய நம்பித்தான கட்டுனேன்!"

"ஒங்க கையிலயே கட்டியிருந்தா பாஸாயிருப்பிய. சாப்பிட்ட கையோட கொறட்ட விடுதியளே, அப்பா."

திட்ட வந்தவர் அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்தார். அந்த அறுபது வயது இதயம், ஸ்கூல் யூனிஃபார்மில் அவர் எதிரே நின்றுகொண்டிருந்தது.

எபனேசர் அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரு தாயி. மெல்ல."